எஸ்ஸுக்கு எட்டணா

ஏலே பேராண்டி, அந்தக் கம்ப்யூட்டர இந்தப் பக்கமாத் திருப்பு. கண்ணாடி போட்டுக்கிடுதேன். பத்துக்கு நாலு பேனரா? நல்லா இருக்கு. மேல தமிழ்ல ‘செருப்புக் கடை’. கீழ இங்கிலீஷ்ல ‘ஷூஸ் ஷாப்’. அதுக்கும் கீழ பொடி எழுத்துல ஒரு வரி இருக்கு, அதப் பெறகு பாப்போம். கடைக்காரர் எழுதிக் கொடுத்தாரு, நான் அடிச்சேன்னு சொல்லுவ. நானும் நாப்பது வருசம் இதே பதிலச் சொல்லித்தான் கஞ்சி குடிச்சேன். கோவப்படாத. டீ சொல்லிவிடு, பேசுவோம்.

நான் கேக்கது ஒண்ணே ஒண்ணு. அந்தக் கடையில ஒத்தச் செருப்பா விக்காவ? ஜோடி ஜோடியாத்தான் அடுக்கி வச்சிருக்காவ. பெறகு ஏன் மேல ‘செருப்புகள் கடை’ன்னு அடிக்கல? பாரு, சொல்லும்போதே உனக்குச் சிரிப்பு வருது. பஸ் ஸ்டாண்டுல அப்படி ஒரு போர்டு வச்சா, நம்ம ஊர்ல பாலு குடிக்கிற பிள்ள கூடச் சிரிக்கும். மேல் வரியில வெக்கப்பட்ட பய, கீழ் வரியில மட்டும் எதுக்குலே எஸ்ஸ மாட்டித் தொங்கவிட்டிருக்க?

உனக்கு அந்த எழுத்தோட அருமை தெரியாது. ஒரு தட்டு தட்டுத, வந்து விழுது. சதுர அடிக்கு இவ்வளவுன்னு கூலி வாங்குத. எஸ் ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் உனக்கு ஒண்ணுமில்ல. இலவசமாக் கிடைக்கதுனாலதான் தெருவெல்லாம் எஸ்ஸா விளைஞ்சு கிடக்கு. என் காலத்துல தகரத்துக்கு வெள்ளை எனாமல் ரெண்டு கோட்டிங் அடிச்சுக் காயவச்சு, சாக்பீஸ் பொடி தேச்ச நூல ஆளுக்கொரு முனையில பிடிச்சுச் சுண்டிவிட்டாக் கோடு விழும். அந்தக் கோட்டுக்குள்ளதான் எழுத்து நிக்கணும். எல்லு, டி, ஹெச் எல்லாம் விறைச்சு நிக்கிற போலீஸ்காரன் மாதிரி, ஸ்கேல் வச்சே இழுத்துரலாம். ஓ கூடப் பரவாயில்ல. எஸ்தான் சாரைப்பாம்பு. மேல் வயித்தையும் கீழ் வயித்தையும் ஒரே அளவா எழுதினா எழுத்து தலைகனத்துக் கவிழப் போற மாதிரி நிக்கும். கீழ் வயித்தக் கொஞ்சூண்டு பெருசா வைக்கணும். எம்புட்டுன்னு கேட்டா அளவு கிடையாது, கைக்குத்தான் தெரியும். நம்பிக்கை இல்லன்னா ஒரு பேப்பர எடுத்து, அச்சடிச்ச எஸ்ஸத் தலைகீழாப் பிடிச்சுப் பாரு. தொப்பை மேல ஏறிப் போயி அசிங்கமாத் தெரியும். அணில் முடி பிரஷ்ஷ வச்சு அந்த வளைவ ஒரே இழுப்புல இறக்க எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு.

கூலி எழுத்துக் கணக்கு. நான் தனியாத் தொழில் ஆரம்பிச்சப்போ எழுத்துக்கு எட்டணா. ஒரு எஸ் கூடினா எனக்கு எட்டணா வரவு, ஒரு எஸ் எழுதுத கஷ்டம் செலவு. ரெண்டையும் கழிச்சுப் பாத்து, பல தடவை வாய மூடிக்கிட்டே இருந்திருக்கேன். அந்தப் பாவம் எனக்கு இருக்கு. அதனாலதான் உன்னப் பிடிச்சு வச்சுப் பேசுதேன்.

ஒரு பழக்கடை அண்ணாச்சி. ‘பழக்கடை’ன்னு தமிழ்ல எழுதச் சொன்னாரு, இங்கிலீஷ்ல ‘ஃப்ரூட்ஸ் ஸ்டால்’னு எழுதச் சொன்னாரு. எதுத்த டீக்கடையில ரிட்டையர்டு இங்கிலீஷ் வாத்தியார் ஒருத்தர் பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தாரு. ஏணி மேல இருந்த என்னயப் பாத்து, “எய்யா, நடுவுல இருக்க எஸ் வேண்டாம்”னாரு. அண்ணாச்சிக்கு வந்ததே கோவம். “என்ன சார், நானென்ன ஒத்தப் பழமா விக்கேன்? நாலு தார் தொங்குது, ரெண்டு கூடை சாத்துக்குடி இருக்கு, கண்ணு தெரியலையா?”ன்னாரு. வாத்தியார் பொறுமையா, “தமிழ்ல பழங்கள் கடைன்னு எழுதலையேய்யா?”ன்னாரு. அண்ணாச்சி சித்த நேரம் யோசிச்சாரு. பெறகு சொன்னாரு பாரு: “தமிழ் நம்ம வீட்டுப் பாஷை சார், முன்னப்பின்ன விட்டுக் கொடுக்கும். இங்கிலீஷ்காரன் கறாரு. ஒவ்வொரு பழத்துக்கும் கணக்குக் கேப்பான்.”

நான் எஸ்ஸ எழுதி எட்டணா வாங்கிக்கிட்டேன்.

ஆனா அன்னைக்கி ராத்திரி தூக்கம் வரல. வாத்தியார் சொன்னது உண்மைதான்னு தோணிச்சு. இங்கிலீஷ்காரன் அப்படி ஒண்ணும் கறார் இல்ல, இந்த விசயத்துல அவனும் நம்மள மாதிரிதான். பிரஷ்ஷு அத்தனை பல்லையும்தான் தேய்க்குது, ஆனா பேரு டூத்பிரஷ். டீத்பிரஷ்னு ஒருத்தனும் சொல்லல. எனக்கு வாயில மிச்சம் இருக்கது மூணு. அந்தப் பேர வச்சவன் என்னய மனசுல நினைச்சுத்தான் வச்சிருப்பான் போல. நம்ம பல்பொடியும் ஒத்தப் பல்லுதான? மாட்டு வண்டியப் பாரு. இழுக்கது ரெண்டு மாடு. மாடுகள் வண்டின்னா சொல்லுதோம்? எலிப்பொறியில எத்தன எலி விழுந்தாலும் அது எலிப்பொறிதான். லண்டன்ல 1952ல தொடங்கின ஒரு துப்பறியும் நாடகத்துக்கு ‘தி மௌஸ்டிராப்’னு பேரு, அகதா கிறிஸ்டி எழுதினது. இன்னும் ஓடுது. ‘மைஸ்டிராப்’னு மாத்தி வைன்னு இத்தன வருசத்துல ஒருத்தனும் கேக்கல.

உன் தங்கச்சி இங்கிலீஷ் எம்.ஏ. படிக்காளே, போன பொங்கலுக்கு வந்தப்போ அவகிட்ட இதக் கேட்டேன். அந்தக் குட்டி ஒரு மணி நேரம் பிடிச்சுக்கிட்டா. அவ சொன்னதுல பாதி எனக்குப் புரியல, மீதியத் தொழில் பாஷையில மாத்தி வச்சிருக்கேன். கேளு.

எஸ்ஸுங்கது வார்னிஷ் மாதிரி. போர்டு எழுதும்போது வார்னிஷ் எப்போ அடிப்போம்? எல்லா எழுத்தும் எழுதி, நிழல் கொடுத்து, காஞ்ச பெறகு, கடைசியா மொத்தத்துக்கும் சேத்து ஒரு கோட்டிங். முதல் எழுத்த எழுதின உடனே அதுக்கு மட்டும் வார்னிஷ் அடிச்சிட்டு அடுத்த எழுத்துக்குப் போனா என் குரு மண்டையில கொட்டுவாரு. டூத், பிரஷ் ரெண்டையும் முதல்ல ஒட்டு. ஒட்டின பெறகு, கடையில பத்து இருந்தா, கடைசியில எஸ் வார்னிஷ்: டூத்பிரஷ்ஷஸ். ஷூ ஷாப், பத்து கடைன்னா ஷூ ஷாப்ஸ். வார்னிஷ் கடைசியிலதான், நடுவுல கிடையாது. இது இங்கிலீஷ்ல பெரும்பாலும் நடக்கது. விலகுதது எது எதுன்னு பெறகு சொல்லுதேன்.

இதுக்கு ஒரு வேடிக்கையான சோதனை நடந்திருக்காம். பீட்டர் கார்டன்னு ஒரு ஆராய்ச்சிக்காரர், 1985ல எழுதியிருக்காரு. மூணு வயசுலேருந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகள உக்கார வச்சு, ஒரு பொம்மையக் காட்டி, இது இன்னின்னதத் தின்னும், இதுக்கு என்ன பேரு சொல்லலாம்னு கேட்டிருக்காரு. சேறு தின்னா ‘மட் ஈட்டர்’. அந்தக் கணக்குல, எலிகளத் தின்னா? ‘ரேட்ஸ்’னு எஸ்ஸோட சொல்லிக் கொடுத்த பெறகும் பிள்ளைக ‘ரேட் ஈட்டர்’னுதான் சொல்லிச்சாம். ‘ரேட்ஸ் ஈட்டர்’னு சொன்னது அத்திபூத்தாப்புல. அதே பிள்ளைக ‘மைஸ்’னு கேட்டா ‘மைஸ் ஈட்டர்’னு தாராளமாச் சொல்லிச்சு. ஏன்னா மைஸ்ல வார்னிஷ் இல்ல. அது டப்பாவுலயே கலந்து வந்த கலரு. எஸ் சேத்துச் செஞ்ச பன்மை வேற, மனசுக்குள்ள தனிச் சொல்லாவே கிடக்க பன்மை வேற. இதுல பெரிய சூது என்னன்னா, தப்பா ‘மௌஸஸ்’னு சொல்லுத பிள்ளை கூட ‘மௌஸ் ஈட்டர்’னுதான் சொல்லிச்சே ஒழிய, ‘மௌஸஸ் ஈட்டர்’னு சொல்லல. ஒருத்தரும் சொல்லிக் கொடுக்காமலே அதுக்கு வார்னிஷ் அடிக்கிற நேரம் தெரிஞ்சிருக்கு. ஸ்டீவன் பிங்கர்னு ஒருத்தர் 1994ல ஒரு புத்தகம் போட்டு இந்தக் கதைய ஊரறியச் சொன்னாராம். மூணு வயசுப் பிள்ளைக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல. டிப்ளமா வேற படிச்சிருக்க.

மூணு வயசுப் பிள்ளைன்னு இப்பச் சொன்னேன் பாத்தியா? வயசுகள் பிள்ளைன்னு சொல்லல. இங்கதான் நம்மாளுக அதிகமா வழுக்கி விழுதாவ. ‘டென் இயர்ஸ் ஓல்ட் பாய்’னு காணாமப் போனவன் போஸ்டர்ல அடிச்சுக் கொடுத்தியே, போன மாசம். பய கிடைச்சிட்டான், எஸ் மட்டும் இன்னும் சுவத்துல ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. பத்து வயசுப் பையன், டென் இயர் ஓல்ட் பாய். எட்டு முழ வேட்டி. மூணு மாடி வீடு. அஞ்சு ரூபாய் காயின், ஃபைவ் ருபீ காயின். சொல்லு தனியா நின்னா எஸ்ஸு வரட்டும்: தி பாய் இஸ் டென் இயர்ஸ் ஓல்ட். இன்னொரு சொல்லுக்கு முன்னால நுகத்தடியில பூட்டின உடனே எஸ்ஸக் கழட்டிரணும். நீ தமிழ்ல தினமும் இதத்தான் செய்யுத, இங்கிலீஷுக்குப் போன உடனே எவனோ மாமனார் வீட்டுக்குப் போன மாதிரி கூடக் கொஞ்சம் மரியாதையச் சேத்து வச்சுக்கிட்டு நிக்க.

அதுலயும் ஒரு பழங்கதை இருக்கு. பத்தடிக் கம்புக்கு இங்கிலீஷ்காரன் ‘டென் ஃபுட் போல்’ங்கான். ஃபீட் எங்க போச்சுன்னு கேட்டேன். ஆயிரம் வருசத்துக்கு முந்தின இங்கிலீஷ்ல அடிக்கு ‘ஃபோட்’, பன்மைக்கு ‘ஃபேட்’. ஆனா எண்ணுக்குப் பின்னால வரும்போது ஆறாம் வேற்றுமைப் பன்மையில ‘ஃபோட்டா’ன்னு ஒரு வாலோட நிக்குமாம். காலப்போக்குல வாலு தேஞ்சு உதிர்ந்து, மிச்சம் நிக்க உடம்பப் பாத்தா ஒருமை மாதிரி இருக்கு. உள்ளுக்குள்ள அது பழைய பன்மைதான். கட்டினவ செத்த பெறகு கல்யாண மோதிரத்தக் கழட்டி வச்சிட்ட மனுசன் மாதிரி. விரல்ல தடம் மட்டும் இருக்கும்.

சரி, விலகுததுக்கு வருவோம். நான் இம்புட்டு நேரம் சொன்னத நம்பி நாளைக்கே எல்லாப் போர்டுலயும் எஸ்ஸ உருவிராத. அங்கதான் மாட்டிக்கிடுவ.

ரயில்வே ஸ்டேஷன்ல கூட்ஸ் வண்டி நிக்கி. எஸ்ஸ எடுத்துப் பாரு: ‘குட் டிரெயின்’. நல்ல ரயிலு! அப்போ மத்த ரயில் எல்லாம் கெட்ட ரயிலா? துப்பாக்கி வச்சிருக்க பண்ணையார்ட்ட ஆர்ம்ஸ் லைசென்ஸ் இருக்கும். எஸ்ஸ எடுத்தா கைக்கு லைசென்ஸு வாங்கினவர் ஆயிருவாரு. தூத்துக்குடி துறைமுகத்துல கஸ்டம்ஸ் ஆபீஸர்; எஸ்ஸ எடுத்தா அவரு சம்பிரதாய அதிகாரி, கல்யாண வீட்டுல நாத்தனார் மாலை போட்டாளான்னு பாக்கதுக்குத்தான் லாயக்கு. போஸ்டாபீஸ்ல சேவிங்ஸ் பேங்க் இருக்கு, இங்கிலாந்துல 1861லயும் நம்ம நாட்டுல 1882லயும் வந்தது. ‘சேவிங் பேங்க்’னு எழுதிட்டா, நம்மளக் காப்பாத்தப் போற பேங்க்குன்னு ஆயிரும். எந்த பேங்க்குலே நம்மளக் காப்பாத்தியிருக்கு?

இதுகளுக்கெல்லாம் எஸ்ஸு கடைசி வார்னிஷ் இல்ல. எஸ்ஸோட சேத்தாத்தான் அந்த அர்த்தம். எஸ்ஸ எடுத்தா அதோட ஒருமை வராது, வேற ஒரு ஆளு வந்து நிப்பான். துணிக்கடைக்கு ‘க்ளோத்ஸ் ஷாப்’, மூக்குக்கண்ணாடி வைக்கிற பொட்டிக்கு ‘கிளாஸஸ் கேஸ்’. ‘கிளாஸ் கேஸ்’னு எழுதினா கண்ணாடியில செஞ்ச பொட்டின்னு ஆயிரும். ஆனா அதே மூக்குக்கண்ணாடிய ‘ஸ்பெக்டக்கிள்ஸ்’னு சொல்லும்போது, ஃபிரேமுக்கு முன்னால வந்த உடனே எஸ்ஸக் கழட்டிருதான்: ஸ்பெக்டக்கிள் ஃபிரேம். ட்ரவுசருக்கு இங்கிலீஷ்ல ஒருமையே வழக்கத்துல இல்ல, எப்பவும் ட்ரவுசர்ஸ்தான். பாக்கெட்டுக்கு முன்னால வந்தா மட்டும் ட்ரவுசர் பாக்கெட். நம்மாளு அந்த எஸ்ஸ என்னைக்கோ கழட்டி வீசிட்டு ட்ரவுசர் போட்டுக்கிட்டுத் திரியுதான். கழட்டின எஸ்ஸ எங்க கொண்டு வச்சான் தெரியுமா? “பஸ்ல ஒரு லேடீஸ் நிக்காங்க”ன்னு சொல்லுதான் பாரு, அங்க.

எல்லாத்தையும் விட எனக்குச் சிரிப்பு மூட்டினது வரிக்கணக்குதான். நான் எத்தனையோ பில் புக்கு அட்டைக்கு எழுத்து எழுதிக் கொடுத்திருக்கேன். மெட்ராஸ் மாகாணத்துல 1939ல சட்டம் போட்டு வந்தது சேல்ஸ் டாக்ஸ். எஸ் உண்டு. வருமானத்துக்குப் போடுதது இன்கம் டாக்ஸ். எஸ் இல்ல. ஒருத்தனுக்கு நாலு வழியில வருமானம் வந்தாலும் இல்ல. 1994ல சர்வீஸ் டாக்ஸ் வந்துச்சு. அதுக்கும் எஸ் இல்ல, ஒண்டிக்கட்டையா இருந்துச்சு. 2017ல அதக் கொண்டு போயி குட்ஸோட சேத்து வச்சாவ. உடனே ‘குட்ஸ் அண்ட் சர்வீசஸ் டாக்ஸ்’. கல்யாணம் ஆனதும் தொப்பை வந்த மாப்பிள்ள மாதிரி இதுக்கும் ஒரு எஸ் ஒட்டிக்கிடுச்சு. ஒரே தேசம், ஒரே வியாபாரி, ஒரே கல்லாப்பொட்டி. இலக்கணம் மட்டும் வரிக்கு ஒண்ணு. இதுல ஒழுங்கு இருக்கான்னு கேட்டா, கொஞ்சம் இருக்கு. பல தினுசு, பல வகைன்னு அழுத்திச் சொல்லணும்னு வந்தா, அதுவும் சர்க்கார் ஆபீஸ், கம்பெனி டிபார்ட்மென்ட் பேருன்னு வந்தா, நடுவுல எஸ்ஸு புகுந்துக்கிடும். பப்ளிக் ஒர்க்ஸ் டிபார்ட்மென்ட், ஹைவேஸ் டிபார்ட்மென்ட், அக்கவுண்ட்ஸ் ஆபீஸர். இந்தப் பழக்கம் சீமைக்காரனுக்கு அதிகம், அமெரிக்காக்காரனுக்குக் கொஞ்சம் குறைவு. சீமையில ‘ட்ரக்ஸ் பாலிசி’ன்னு எழுதுத இடத்துல அமெரிக்காவுல ‘ட்ரக் பாலிசி’ன்னு எழுதிட்டுப் போயிருவான். ரெண்டு பேருக்கும் அதனால வியாபாரம் ஒண்ணும் கெட்டுப் போகல.

மனுசங்கன்னு வந்தா அது தனிக் கதை. இங்க நம்ம தமிழே சட்டத்த மாத்துது, கவனிச்சியா? மாட்டுச் சந்தைன்னு சொல்லுத அதே வாயி, உழவர் சந்தைன்னு சொல்லுது. 1999ல மதுரையில தொடங்கினப்பவே ‘உழவன் சந்தை’ன்னு வைக்கல. மகளிர் கல்லூரி, முதியோர் இல்லம், சிறுவர் பூங்கா. மெரினாவுல நாலு பேரு பாறையப் பெரட்டுதாவளே, அது உழைப்பாளர் சிலை. மாடு, எலி, செருப்பு, பல்லு இதுக்கெல்லாம் ஒருமையே போதும். பால்பகா அஃறிணைன்னு நம்ம இலக்கணத்துலயே அதுக்கு ஒரு பேரு உண்டு, ஒண்ணானாலும் பலதானாலும் மாடு மாடுதான். மனுசனுக்கு வந்தா எண்ணிக்கை, மரியாதை ரெண்டும் வேணும். எப்பவும் இல்ல, பிள்ளை பிடிக்கிறவன், ஆள் கடத்தல்னு வரும்போது மரியாதை போயிருது. கடத்துதவன் என்ன மரியாதை கொடுக்கப் போறான்?

இங்கிலீஷ்லயும் ஆளுன்னு வந்தா எஸ்ஸு துணைக்கு வரும். பாய்ஸ் ஸ்கூல், லேடீஸ் டெய்லர், ஃபார்மர்ஸ் மார்க்கெட். அங்க இன்னொரு தலைவலி, எஸ்ஸுக்குப் பக்கத்துல மேல தொங்குத ஒத்தைக் கொக்கி. முன்னாலயா, பின்னாலயா, வேண்டவே வேண்டாமா? என் குரு அதுக்குக் ‘காக்கா எச்சம்’னு பேரு வச்சிருந்தாரு. எங்க விழும்னு காக்காய்க்கே தெரியாதும்பாரு. அமெரிக்காவுல அன்னா ஜார்விஸ்னு ஒரு அம்மா, அன்னையர் தினத்துக்காக நாயா அலைஞ்சவ. 1914ல அந்த நாட்டுப் பிரசிடெண்ட் அத அறிவிச்சாரு. அவ அந்தக் கொக்கிய எஸ்ஸுக்கு முன்னாலதான் போடணும்னு ஒத்தக்கால்ல நின்னா: மதர்ஸ், ஒருமை. ஊர்ல உள்ள எல்லாத் தாய்மாருக்கும் கூட்டுக் கும்பிடு இல்ல, அவனவன் அவனவன் ஆத்தாள நினைக்கணும்னு. நாம என்ன செஞ்சோம்? ‘அன்னையர்’னு பன்மையாக்கி எல்லாரையும் ஒரே பந்தியில உக்கார வச்சிட்டோம். அதே அமெரிக்காவுல பழைய சிப்பாய்களுக்கு ஒரு நாள் உண்டு, வெட்டரன்ஸ் டே. அதுக்குக் கொக்கியே கிடையாதுன்னு சர்க்காரே சொல்லியிருக்கு. நாள் அவங்களுக்குச் சொந்தம் இல்லையாம், நாமதான் அவங்களக் கும்பிடுதோமாம். ஒரு கொக்கிக்குள்ள இம்புட்டு அரசியல். எனக்குக் கொக்கிக்கு எவனும் கூலி கொடுத்ததில்ல, அதனால நான் அதுல ரொம்ப மூளையச் செலவழிக்கல.

வெண்டைக்காய்ல மட்டும் செலவழிச்சேன். லேடீஸ் ஃபிங்கர்ங்காவளே, அது ஒரு பொம்பளையோட விரலா, பல பொம்பளையோட விரலா? காய்கறிக் கடைக்கு விலைப்பலகை எழுதும்போது இந்தச் சந்தேகம் வந்து, ஏணியில இருந்து இறங்கி ஒரு வெண்டைக்காயக் கையில வச்சு உருட்டிப் பாத்தேன். கடைக்காரர், “முத்தலா?”ன்னு கேட்டாரு. ‘லேடிஃபிங்கர்’னு எஸ் இல்லாம ஒட்டி எழுதினா அது மேல்நாட்டுல நீட்டமா ஒரு பிஸ்கெட்டாம். சாம்பார்ல போட்டுராத.

இதுல ஒண்ணு விட்டுப் போச்சு. ‘வுமன் டாக்டர்’னு ஒருத்தி இருந்தா, நாலு பேரு ஆனா ரெண்டு பக்கமும் மாறணும்: வுமென் டாக்டர்ஸ். ‘லேடி டாக்டர்’னா கடைசியில மட்டும்தான் எஸ். 1992ல மெட்ராஸ் ஆயிரம் விளக்குல மகளிர் போலீஸ் ஸ்டேஷன் தொறந்த பெறகு, நம்ம பக்கமும் அந்தப் போர்டு வந்துச்சு. நம்ம வாயில ஒருமைக்கும் வுமன், பன்மைக்கும் வுமன். தகரத்துல எழுதும்போதுதான் ஏயா ஈயான்னு வந்து நிக்கும். எழுதித் தந்த துண்டுச்சீட்டுல ஏ இருந்துச்சு. அத அப்படியே எழுதியிருந்தா ஒத்தப் பொம்பள போலீஸ்தான் இருக்கான்னு திருடனுக்கு நாமளே துப்புக் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். நான் ஈ போட்டுட்டேன். கேட்டா பிரஷ்ஷு வழுக்கிருச்சுன்னு சொல்லிக்கிடலாம்னு நினைச்சேன். யாரும் கேக்கல.

டீ வந்துட்டு. குடி. இத எல்லாம் நான் எதுக்கு இம்புட்டு நெஞ்சுல வச்சுக்கிட்டுத் திரியுதேன்னு நீ கேக்கல. கேக்காட்டியும் சொல்லுவேன்.

1967ல நான் எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சேன். படம் நல்லாப் போடுவேன். எங்க ட்ராயிங் மாஸ்டர் எங்கய்யாவக் கூப்பிட்டு விட்டு, “பயல மெட்ராஸ்ல ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்ல சேத்து விடுங்க. எழும்பூர்ல இருக்கு. 1850ல அலெக்சாண்டர் ஹன்டர்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர் ஆரம்பிச்சது. மெரினாவுல உழைப்பாளர் சிலை வடிச்ச ராய் சவுத்ரிதான் அங்க ரொம்ப வருசம் தலைமை”ன்னு சொன்னாரு. எங்கய்யாவுக்கு அதுல காதுல விழுந்தது ஒரே ஒரு சொல்லு: ஆர்ட்ஸ். மெட்ராஸுக்கு ரயில் சார்ஜுக்கு எங்க போக? பக்கத்து டவுன்ல ஒரு ஆர்ட்ஸ் காலேஜ் இருக்கது அவருக்குத் தெரியும். அங்கயும் ஆர்ட்ஸு, இங்கயும் ஆர்ட்ஸு, எதுக்கு அம்புட்டுத் தூரம்னு, வெள்ளாட்டங்குட்டி வித்த காச மடியில முடிஞ்சுக்கிட்டு என்னயக் கூட்டிக்கிட்டுப் போனாரு.

நான் போட்ட படமெல்லாம் சுருட்டி, சணல் போட்டுக் கட்டிக் கையில வச்சிருந்தேன். முருகர், காந்தி, எங்க பசுமாடு. அங்க இருந்த கிளார்க்கு பொறுமையா ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாத்தாரு. மாட்டப் பாத்து “நல்லா இருக்கே”ன்னாரு. பெறகு எங்கய்யாவப் பாத்து, “பெரியவரே, இங்க சரித்திரம், பொருளாதாரம் சொல்லித் தருவோம். படம் போடச் சொல்லித் தரமாட்டோம். அதுக்கு வேற காலேஜ், எஸ் இல்லாத ஆர்ட்டு”ன்னாரு. எங்கய்யா வாசல்ல காலேஜ் பேரு எழுதியிருந்த ஆர்ச்சையே அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னாரு. கடைசி எழுத்து எதுன்னு அவருக்குத் தெரியாது, என்கிட்ட “அதுல எதுலே எஸ்ஸு?”ன்னு கேட்டாரு. காட்டினேன். “இந்த வளைஞ்ச பயலா?”ன்னாரு. மெட்ராஸ் காலேஜ் பேர்லயும் ஆர்ட்ஸுக்கு எஸ் இருக்கே, அங்க மட்டும் எப்படிப் படம் சொல்லித் தாரான்னு நான் கேட்டுருக்கணும். கேக்க வாய் வரல. இன்னைக்கி வரைக்கும் அந்தக் கணக்கு எனக்கு முழுசாத் தீரல.

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி வாற வழியில ஒரு மளிகைக் கடை வாசல்ல ஏணி போட்டு ஒருத்தர் போர்டு எழுதிக்கிட்டு இருந்தாரு. ‘ஸ்டோர்ஸ்’. முதல் எழுத்தும் எஸ், கடைசி எழுத்தும் எஸ். முதல் எஸ்ஸ எழுதி முடிச்சிருந்தாரு. நான் படத்துச் சுருளக் கீழ வச்சிட்டு வாயப் பொளந்து பாத்துக்கிட்டு நின்னேன். எங்கய்யா என்னயும் பாத்தாரு, ஏணியையும் பாத்தாரு. அம்புட்டுத்தான். சாயங்காலம் அவரு மட்டும் பஸ் ஏறினாரு, ஆட்டுக்குட்டிக் காசு அப்படியே மடியில இருந்துச்சு. அந்தக் கடைசி எஸ்ஸ எழுதச் சொல்லி மறுநாள் காலையில பிரஷ்ஷ என் கையில கொடுத்தாரு குரு. எழுதினேன். தொப்பை மேல ஏறிப் போச்சு. துடைச்சு விடுவாருன்னு பாத்தேன். “கிடக்கட்டும், கடைக்காரனுக்கும் தொப்பை அப்படித்தான் இருக்கு”ன்னுட்டு ஏணியத் தூக்கிட்டாரு.

சரி, பேனருக்கு வா. அந்த ஷூஸ்ல நிக்க எஸ்ஸ எடு. கடைக்காரர் கேட்டா, செருப்புகள் கடைன்னு மேல அடிச்சிரவான்னு கேளு, பேசாமப் போயிருவாரு. எடுத்த எஸ்ஸக் குப்பையில போட்டுராத. அதுக்கும் கீழ ஒரு பொடி வரி இருக்குன்னு சொன்னேனே, ‘ஜென்ட், லேடீஸ், கிட்ஸ்’னு அடிச்சிருக்க. ஊருல இம்புட்டு ஆம்பள இருக்கும்போது ஒரே ஒரு ஆம்பளைக்கா செருப்பு விக்கப் போறாரு? அங்க கொண்டு வை.